ஃப்ரீசரில் ஃபிலிம் இருக்கிறது, கழுவ லேப் இருக்கிறதா?

ஸ்லைடு ஃபிலிமில் படம் எடுத்துப் பழகியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் பேச்சு ஃப்ரீசருக்கு வந்துவிடும். "என்கிட்ட இன்னும் பழைய வெல்வியா இருக்கு", "அஸ்டியா, பெட்டியைப் பிரிக்கவே இல்லை" என்பார்கள். இரண்டும் ஜப்பானிய ஃபூஜி கம்பெனியின் ஸ்லைடு ஃபிலிம்கள். குரலில் பாதி பெருமை, பாதி துக்கம். சந்தையில் அந்த ஃபிலிம் ஒவ்வொன்றாக மறைந்தபோது அவர்களால் செய்ய முடிந்தது கையில் கிடைத்ததை வாங்கி உறைய வைத்ததுதான். என் வீட்டு ஃப்ரீசரிலும் ஒரு டப்பா உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்ச காலமாகவே எனக்கு ஓர் எண்ணம். ஸ்லைடு ஃபிலிம் அருகிப்போனதற்கு நாங்கள் காட்டிய எதிர்வினைகளில் மிகப் பரவலானது இந்தப் பதுக்கல். ஸ்லைடு ஃபிலிம் பிழைத்திருப்பதற்குக் கொஞ்சமும் உதவாததும் அதுதான்.

ஏன் என்று சொல்வதற்கு முன், ஸ்லைடு போட்டே பார்க்காதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சாதாரண கலர் ஃபிலிமைக் கழுவினால் கிடைப்பது நெகட்டிவ். நிறங்களெல்லாம் மாறிப்போய், மேலே ஒரு ஆரஞ்சுப் படலம் போர்த்தியிருக்கும். அதை வைத்துப் பிரிண்ட் போடும்போதுதான் படம் உருவாகிறது. அந்தக் கட்டத்தில் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறத்தை இழுத்துப் பிடிக்கலாம். ஸ்லைடில் அந்த இரண்டாம் கட்டமே கிடையாது. லென்ஸ் வழியாக வந்த வெளிச்சம் எந்தத் துண்டின்மேல் விழுந்ததோ அந்தத் துண்டேதான் படம். அதையே வெட்டி, ஐந்து சென்டிமீட்டர் சதுர அட்டைச் சட்டத்துக்குள் வைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அதனால் இதில் சலுகை என்ற பேச்சே இல்லை. நெகட்டிவ் ஃபிலிம் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூடுதல் வெளிச்சத்தை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். ஸ்லைடில் அரை ஸ்டாப் பிசகினாலே தெரியும். ஒரு ஸ்டாப் கூடிவிட்டால் மேகத்தின் விளிம்பு வெறும் ஃபிலிமாக வெளுத்துவிடும், அப்புறம் எந்த வித்தையாலும் அதை மீட்க முடியாது. கிட்டத்தட்ட ஐந்து ஸ்டாப் வித்தியாசத்துக்குள் அடங்கும் காட்சியைத்தான் அது உருப்படியாகப் பிடிக்கும். உச்சிவெயிலில் வெள்ளைச் சுவரும், அதன் நிழலில் உட்கார்ந்திருக்கும் ஆளும் ஒரே ஃபிரேமில் இருந்தால், சுவர் வேண்டுமா ஆள் வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டுதான் பட்டனை அழுத்த வேண்டும். வெல்வியா 50 போட்டவர்களில் பலர் வெளிச்சம் அளக்கும் மீட்டரில் ஃபிலிமின் வேகத்தை 40 என்று வைத்துக்கொண்டது நிழலுக்குக் கொஞ்சம் உயிர் கொடுக்கத்தான். இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் மேல்பாதி இருண்ட ஃபில்டரை லென்ஸுக்கு முன்னால் மாட்டி வானத்தை அடக்கினார்கள். ஒரே காட்சியை மூன்றில் ஒரு ஸ்டாப் ஏற்றி ஒரு முறையும் இறக்கி ஒரு முறையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்தி மங்கிய பிறகு இன்னும் கெடுபிடி. ஷட்டரைச் சில வினாடிகள் திறந்து வைத்தால் வெல்வியாவின் வேகம் குறையும், நிறமும் ஒரு பக்கமாகச் சாயும். எத்தனை வினாடிக்கு எவ்வளவு கூட்டுவது, எந்த மெஜந்தா ஃபில்டர் போடுவது என்று ஃபூஜியின் விவரத்தாளிலேயே அட்டவணை போட்டிருப்பார்கள்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ள வைத்தது லைட் பாக்ஸ், உள்ளே விளக்கெரியும் வெள்ளைக் கண்ணாடிப் பெட்டி. லேபிலிருந்து வந்த துண்டை அந்த வெள்ளைக் கண்ணாடிமேல் வைத்து, லூப் என்ற சிறு உருப்பெருக்கியைப் படத்தின்மேலேயே நிறுத்திக் கண்ணை அதில் ஒட்டிவிட வேண்டும். சுற்றியுள்ள அறை மறைந்துவிடும். வெளிச்சம் படத்தின் பின்னாலிருந்து வருவதால் சிவப்பு, சாயம் பூசிய சிவப்பாக இல்லாமல் தானே எரிவதுபோல் இருக்கும். கறுப்பு என்று நினைத்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குள் கதவின் நாதாங்கி, அதற்கும் பின்னால் ஒரு சட்டையின் மடிப்பு என்று ஒவ்வொன்றாகப் புலப்படும். பேப்பர் பிரிண்டில் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் நடுவே உள்ள தூரம் ஸ்லைடில் உள்ளதோடு ஒப்பிட்டால் மிகக் குறுகியது. நல்ல ஸ்லைடிலிருந்து போட்ட நல்ல பிரிண்டைக்கூட அசலின் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் சோகையாகத்தான் தெரியும். ஸ்லைடிலிருந்து நேரடியாக நல்ல பிரிண்ட் போடத் தோதாக இருந்த இல்ஃபோக்ரோம் பேப்பரும் 2010களின் தொடக்கத்தோடு முடிந்துவிட்டது.

சரி, இவ்வளவு அழகான பொருளை யார் கைவிட்டார்கள்? அதை அதிகம் வாங்கியவர்கள்தான்.

பத்திரிகைக்காரர்கள் ஸ்லைடை விரும்பியதற்கு அழகு ஒரு சிறு காரணம்தான். பெரிய காரணம் வசதி. நூற்றுக்கணக்கான படங்களை லைட் டேபிளில் பரப்பிவைத்து ஆசிரியர் ஒரே பார்வையில் கழித்துக்கட்டலாம். அச்சுக்குப் போகும்போது "இதுதான் நிறம்" என்று காட்ட ஓர் அசல் கையில் இருக்கும், அச்சகத்தோடு வாக்குவாதம் கிடையாது. புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி 1984இல் எடுத்து, 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்த ஆப்கான் சிறுமியின் படம் கோடாக்ரோம் என்ற கோடாக் ஸ்லைடு ஃபிலிமில் எடுத்தது. தெருவின் நிறங்களைத் தேடிப் போன எர்ன்ஸ்ட் ஹாஸ், சால் லைட்டர் போன்றவர்களும் கோடாக்ரோம்காரர்கள். ஆனால் மேலே சொன்ன வசதிகளைப் பாருங்கள். உடனே பார்க்கலாம், உடனே கழிக்கலாம், பிரிண்ட் போட வேண்டியதில்லை, எடுத்தவுடன் அதுதான் படம். அத்தனையையும் டிஜிட்டல் கேமரா இன்னும் வேகமாகச் செய்தது. கல்யாணப் படம் எடுப்பவருக்கும் குடும்பப் படம் எடுப்பவருக்கும் நெகட்டிவைக் கைவிட அவசரம் இருக்கவில்லை, பிரிண்ட் வேண்டுமே. பத்திரிகைக்கும் விளம்பரத்துக்கும் எடுத்தவர்களுக்கு அவசரம் இருந்தது. ஆகவே கலர் ஃபிலிம் மொத்தமும் தேய்ந்தாலும், அதில் ஸ்லைடுக்குக் கீழே இருந்த தரைதான் முதலில் நழுவியது.

தேதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1961 முதல் விற்ற கரோசல் என்ற ஸ்லைடு புரொஜக்டர்களின் வரிசையை கோடாக் 2004இல் முடித்தது. 1935இல் பிறந்த கோடாக்ரோமை நிறுத்துவதாக 2009 ஜூனில் அறிவித்தது. 2012 ஜனவரியில் அந்த நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது, மார்ச்சில் அதன் மற்ற ஸ்லைடு ஃபிலிம்களான எக்டாக்ரோம்களும் போயின. ஃபூஜி பக்கம் அஸ்டியா 100எஃப், வெல்வியா 100எஃப், புரோவியா 400எக்ஸ் என்று அடுத்தடுத்த சில ஆண்டுகளில் காலி. 2021இல் வெல்வியா 100 அமெரிக்காவில் நின்றது, அதற்குக் காரணம் விற்பனை அல்ல. ஃபிலிமின்மேல் உள்ள ஒளியுணர் பூச்சான எமல்ஷனில் மிக மிகச் சிறிய அளவில் இருந்த ஒரு வேதிப்பொருளை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை தடைசெய்துவிட்டது.

2009 அறிவிப்புக்கு வந்த எதிர்வினையை நினைத்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் எரிச்சல்தான். உலகம் முழுக்க ஒப்பாரி. ஒரு தலைமுறையின் நினைவுகளே அழிக்கப்பட்டதாகக் கட்டுரைகள். கோடாக் துரோகம் செய்துவிட்டதாக வசவு. கோடாக்கின் அறிவிப்பிலேயே ஒரு விவரம் இருந்தது. அப்போது அவர்கள் விற்ற ஸ்டில் ஃபிலிம் மொத்தத்தில் கோடாக்ரோமின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை, அதிலும் ஒரு பின்னம். அழுதவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த ஃபிலிமைக் கையால் தொட்டே பல ஆண்டுகள் ஆகியிருக்கும். நினைவில் இருப்பதைக் காப்பாற்றச் சொல்லி ஒரு தொழிற்சாலையிடம் கேட்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

அதற்காக எல்லா முறையீடும் வீண் என்று சொல்ல வரவில்லை. முதல் வெல்வியா 1990இல் வந்தது. 2000களின் நடுவில் ஃபூஜி அதை நிறுத்தியபோது புகைப்படக்காரர்கள் கூச்சல் போட்டார்கள், 2007இல் வெல்வியா 50 திரும்பி வந்தது. அந்தக் கூச்சலைப் போட்டவர்கள் அப்போதும் ரோல் ரோலாக எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அதோடு, திரும்பி வந்த ஃபிலிமைக் கழுவ லேப்களில் கெமிக்கல் தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. என் பேச்சின் மையமே இந்த இரண்டாவது விஷயம்தான்.

ஸ்லைடு ஃபிலிமின் சாவு தொழிற்சாலையில் தொடங்குவதில்லை, லேபில் தொடங்குகிறது. கோடாக்ரோமை எடுத்துக்கொள்ளுங்கள். லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் காடாவ்ஸ்கி என்ற இரண்டு இசைக்கலைஞர்கள் உருவாக்கிய ஃபிலிம் அது. அதன் தனித்தன்மையே ஃபிலிமுக்குள் நிறம் இல்லை என்பதுதான். மூன்று அடுக்குகளும் கிட்டத்தட்ட கறுப்பு வெள்ளை எமல்ஷன்கள், நிறம் கழுவும்போதுதான் ஏறும். அதற்கு கே-14 என்று ஒரு முறை. முதலில் ஒரு கறுப்பு வெள்ளை நெகட்டிவை உருவாக்க வேண்டும். பின்பக்கமிருந்து சிவப்பு வெளிச்சம் காட்டி ஒரு அடுக்குக்கு சயான், முன்பக்கமிருந்து நீல வெளிச்சம் காட்டி இன்னொன்றுக்கு மஞ்சள், மிச்சமிருப்பதற்கு மெஜந்தா என்று மூன்று தனித்தனி டெவலப்பர்கள். அப்புறம் வெள்ளியை முழுக்க வெளியேற்ற வேண்டும். வீட்டு பாத்ரூமில் நடக்கிற காரியமா? வேதியியல் தெரிந்த ஆள் பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டிய எந்திரம் அது. நெடுங்காலம் அமெரிக்காவில் ஃபிலிம் விலைக்குள்ளேயே கழுவும் கட்டணத்தையும் கோடாக் சேர்த்தே விற்றது. 1954இல் ஏகபோகத் தடை வழக்கின் உடன்பாட்டால்தான் அங்கே இரண்டும் பிரிந்தன. பிரிந்த பிறகும் கோடாக்ரோம் கழுவும் எந்திரம் வைக்கத் துணிந்தவர்கள் குறைவு. வருகிற ரோல் குறையக் குறைய ஒவ்வொரு லேபாக மூடியது. கோடாக்கே நடத்திவந்த சுவிட்சர்லாந்து லேபும் 2006இல் முடிந்தது. கடைசியில் பூமி முழுவதற்கும் மிஞ்சியது கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சின்ன ஊரில் இருக்கும் டுவெய்ன்ஸ் ஃபோட்டோ மட்டும். அதாவது, ஃபிலிமை நிறுத்துவதாக கோடாக் அறிவிப்பதற்கு முன்பே அந்த ஃபிலிமின் உயிர் ஒரே ஒரு லேபில் தொங்கிக்கொண்டிருந்தது. 2009இல் கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேர் 2006இல் சுவிட்சர்லாந்து லேப் மூடியதைக் கவனித்தார்கள்?

அந்த லேப் 2010 டிசம்பர் 30 வரைதான் கோடாக்ரோம் வாங்குவதாகக் கெடு வைத்தது. அதன்பின் நடந்தது ஒரு திருவிழா. அலமாரியில், கேமராவுக்குள்ளேயே, செத்துப்போன தாத்தாவின் பெட்டியில் என்று எங்கெங்கோ கிடந்த ரோல்கள் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. ரயில் எஞ்சின்களாகவே எடுத்துத் தள்ளியிருந்த ரயில்வே ஊழியர் ஒருவர் 1,580 ரோல்களைக் கொடுத்து, கிட்டத்தட்ட 16,000 டாலர் கட்டி வாங்கிப்போன செய்தி அப்போது பத்திரிகையில் வந்தது. கோடாக் தயாரித்த கடைசி ரோலை மெக்கரியிடம் கொடுத்திருந்தார்கள். 36 படங்களுக்காக நியூயார்க், இந்தியா, துருக்கி என்று சுற்றிவிட்டு அவர் கடைசிப் படங்களை எடுத்தது பார்சன்ஸ் ஊரிலேயே. எனக்கென்னவோ மெக்கரியைவிட அந்த ரயில்வேக்காரர்மேல்தான் மதிப்பு. அவர் எடுத்தார், கழுவினார், கொண்டுபோனார். ஃபிலிம் அதற்குத்தானே.

கெடு தாண்டியும் ஃப்ரீசரில் கோடாக்ரோம் வைத்திருந்தவர்கள் கதை என்ன? கறுப்பு வெள்ளைப் படமாக மட்டுமே கழுவலாம், அவ்வளவுதான். புகைப்படக்காரர் அலெக்ஸ் வெப் தன்னிடம் மிஞ்சிய கோடாக்ரோமை, கோடாக்கின் சொந்த ஊரான ரோச்செஸ்டரிலேயே எடுத்து அப்படித்தான் கழுவினார். வெயிலும் நிழலும் அடர்ந்த நிறங்களுமாகப் பெயர் வாங்கிய ஒருவர், கலருக்கென்றே உலகம் கொண்டாடிய ஃபிலிமில் நிறமில்லாத படம் எடுக்கிறார். அவர் கையில் அது ஒரு கலைக் காரியமாக அமைந்தது. மற்றவர்களுக்கு அது மங்கலான சாம்பல் படங்கள் உள்ள ரோல், அவ்வளவே.

இப்போது ஈ-6. எக்டாக்ரோம், வெல்வியா, புரோவியா எல்லாவற்றையும் கழுவும் பொதுவான முறை, 1970களின் நடுவிலிருந்து இருக்கிறது. கோடாக்ரோம் செத்தும் மற்ற ஸ்லைடுகள் இன்றும் மூச்சுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எந்தக் கம்பெனி ஃபிலிமானாலும் அதே தொட்டி. ஆனால் அந்தத் தொட்டி சும்மா நிற்க விரும்பாது. ஓடும் ஒவ்வொரு ரோலும் கெமிக்கலில் கொஞ்சத்தைத் தீர்க்கும், தீர்ந்த அளவுக்குப் புதிது சேர்ப்பார்கள், அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் கலவை ஒரே நிலையில் நிற்கும். ரோல் வராத வாரத்தில் டெவலப்பர் காற்றோடு சேர்ந்து கெடும். இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்பது இதற்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. ஏற்கெனவே ஒளி காட்டிய சோதனைத் துண்டு ஒன்றை ஓட்டி, அடர்த்தி அளக்கும் டென்சிட்டோமீட்டரில் அளந்து, மூன்று நிறமும் கோட்டுக்குள் இருக்கிறதா என்று லேப்காரர் பார்ப்பார். கோடு விலகியிருந்தால் அன்றைக்கு யார் ரோலையும் ஓட்டக் கூடாது. வேலை குறைந்த லேப் என்ன செய்யும்? தினமும் ஓட்டியதை வாரம் ஒரு நாளாக்கும். அப்புறம் "பத்து ரோல் சேரட்டும்" என்று காத்திருக்கும். காத்திருப்பு நீண்டால் வாடிக்கையாளர் இன்னும் குறைவார். அப்புறம் ஒரு நாள் "ஈ-6 இப்போ பண்றதில்லை" என்று ஒரு வரி பதில்.

நெகட்டிவில் லேப் கொஞ்சம் சறுக்கினால் பிரிண்டிலோ ஸ்கேனிலோ சரிக்கட்டிவிடலாம். ஸ்லைடில் அந்தச் சறுக்கலும் படத்தின் பகுதியாகிவிடும். ஆகையால் அரைகுறையாக ஓடும் தொட்டி, ஓடாத தொட்டியைவிட ஆபத்து.

இதைப் புரிந்துகொள்ள வீட்டில் ஒரு தடவை கழுவிப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. மூன்று குளியலாகச் சுருக்கிய ஈ-6 பெட்டிகள் கிடைக்கின்றன. கெமிக்கல் பாட்டில்களை வெந்நீர்த் தொட்டிக்குள் நிறுத்தி, 38 டிகிரி செல்சியஸ் வந்ததும் ஆரம்பிக்கலாம். முதல் டெவலப்பர்தான் தலைவிதி. அதில் சூடு அரை டிகிரி இறங்கினாலே படம் இருளத் தொடங்கும், ஏறினால் வெளுக்கும். இந்தக் கட்டத்தில் ஃபிலிமில் உருவாவது சாதாரணக் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்தான், நிறத்தின் சுவடே இராது. அதன்பின் வரும் கலர் டெவலப்பர், முதல் தடவை தொடப்படாமல் மிச்சமிருந்த இடங்களில் வேலை செய்து அங்கே நிறத்தை ஏற்றும். அந்த நேரத்தில் டாங்கைத் திறந்து பார்த்தால் வயிறு கலங்கும். நெகட்டிவ் வெள்ளியும் பாசிட்டிவ் வெள்ளியும் சேர்ந்து ஃபிலிம் முழுக்கக் கரிக்கட்டை. பிளீச்சும் ஃபிக்ஸரும் அந்த வெள்ளியை எல்லாம் அரித்து வெளியே கொண்டுபோன பிறகு சாயம் மட்டும் மிஞ்சும். கழுவி வெளியே எடுக்கும்போதும் நம்பிக்கை வராது. ஈரமாக இருக்கும்வரை படத்தின்மேல் நீலம் கலந்த பால் ஏடு படிந்ததுபோல் இருக்கும். கிளிப் போட்டுத் தொங்கவிட்டால், மேலிருந்து காயக் காய அந்த ஏடு விலகிக்கொண்டே இறங்கும், அதற்குப் பின்னால் வானம் வானமாகவும் முகம் முகமாகவும் தெளியும். இதைப் பார்த்தவர்கள் ஸ்லைடை விடுவது கஷ்டம். ஆனால் ஒன்று, வீட்டில் நாம் அடிக்கிற தரத்தை நல்ல லேபின் தரத்தோடு ஒப்பிடாதீர்கள். நிழலில் ஒரு மெல்லிய நிறச்சாயல், ரோலுக்கு ரோல் சிறு வித்தியாசம், இதெல்லாம் வரத்தான் செய்யும்.

இப்போது பதுக்கலுக்கு வருகிறேன். ஐம்பது ரோல் வாங்கி உறையவைத்து, ஆண்டுக்கு இரண்டு எடுப்பவரைப் பாருங்கள். கம்பெனியின் கணக்கில் அவர் ஒரே ஒரு நாள் வாடிக்கையாளர். நிறுத்தப்போவதாகச் செய்தி வந்த மாதத்தில் விற்பனை ஒரு குதி குதித்துவிட்டு, அப்புறம் பல ஆண்டுகளுக்கு ஒன்றுமில்லை. லேபின் கணக்கிலோ அவர் ஆளே இல்லை. எமல்ஷன் உறைநிலையில் நன்றாகவே தாங்கும் என்பது உண்மை. வெளியிலிருந்து ஊடுருவும் கதிர்வீச்சு மெல்ல மெல்லப் புகையூட்டுவதை மட்டும் குளிர் தடுக்காது. ஆக, ஃபிலிம் பிழைத்துக் கிடக்கும். அதை ஒருநாள் கழுவ வேண்டிய தொட்டி, அந்த ஐம்பது ரோலும் வராததால்தான் வற்றிக்கொண்டிருக்கும். தன் புதையலின் மதிப்பைத் தானே குறைத்துக்கொள்ளும் வேலை இது. பதுக்கியவர்களோடு இதைப் பேசினால் கோபித்துக்கொள்கிறார்கள். "நல்ல சந்தர்ப்பத்துக்காக வைத்திருக்கிறேன்" என்பதுதான் எப்போதும் பதில். எந்தச் சந்தர்ப்பமும் அந்த ரோலுக்குத் தகுதியாக இல்லை போலும்.

வேறு மாதிரி எதிர்வினைகளும் இருந்தன. இத்தாலியில் பழைய ஃபெரானியா தொழிற்சாலையை உயிர்ப்பித்து ஸ்லைடு ஃபிலிம் தயாரிப்போம் என்று ஒரு குழு 2014இல் இணையம் வழியாக மக்களிடம் பணம் திரட்டியது. மூன்று லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது, புலம்புவதற்குப் பதிலாகப் பையில் கைவிட்டவர்களின் பணம். ஆனால் பல அடுக்கு கலர் எமல்ஷனை நிறுத்திப்போன இடத்திலிருந்து தொடங்குவது எவ்வளவு சிரமம் என்பதற்கும் அதுவே சாட்சி. 2017இல் அவர்கள் முதலில் வெளியிட முடிந்தது பி30 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம். இன்னொரு பக்கம், ஃபூஜியின் டிஜிட்டல் கேமராக்களில் மெனுவைத் திறந்தால் புரோவியா, வெல்வியா, அஸ்டியா என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். அஸ்டியா ஃபிலிம் போய்ச் சேர்ந்துவிட்டது, பெயர் மட்டும் கேமராவுக்குள் வேலைபார்க்கிறது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நிறம் மட்டும்தான் வேண்டும் என்பவர்களுக்கு அது போதும், வீணாக லேபைத் தேடி அலைய வேண்டாம்.

2017 ஜனவரியில் எக்டாக்ரோம் திரும்பி வருகிறது என்று கோடாக் அறிவித்தபோது பழைய ஆட்கள் பலர் நம்பவில்லை. பழைய மூலப்பொருட்கள் பல சந்தையிலேயே இல்லாததால் புதிதாகத் தேடிப் பொருத்த வேண்டியிருந்தது. 2018 செப்டம்பரில் 35 மி.மீ. ஈ100 கடைக்கு வந்தது, அடுத்த ஆண்டுக் கடைசியில் பெரிய ஃபிரேம் கேமராக்களுக்கான 120 ரோலும் வந்தது. அதை வாங்கியவர்கள் யார் என்பதுதான் சுவாரஸ்யம். ஃப்ரீசர்க்காரர்கள் விலையைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். வாங்கிப் போட்டவர்களில் நிறையப் பேர் புரொஜக்டரைக் கண்ணால்கூடப் பார்க்காத இளைஞர்கள். அவர்களுக்கு இழப்பு என்ற உணர்வே கிடையாது. ஒரு ரோலை எடுக்கிறார்கள், லேபுக்கு அனுப்புகிறார்கள், ஸ்கேன் செய்து ஃபோனில் பகிர்கிறார்கள். "ஸ்கேன் செய்வதற்கு எதற்கடா ஸ்லைடு?" என்று பழைய ஆட்கள் கேலி செய்வதைக் கேட்டிருக்கிறேன். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஸ்கேனில் அந்த ஆழ்ந்த நிழல் பாதி போய்விடும், திரையில் பார்த்தால் நெகட்டிவுக்கும் ஸ்லைடுக்கும் உள்ள வித்தியாசமும் சுருங்கிவிடும். ஆனால் தொட்டிக்கு அந்த நியாயம் தெரியாது. அதற்கு வேண்டியது ரோல். இன்று ஈ-6 ஓடும் லேப்களை ஓட்டிக்கொண்டிருப்பது கேலி செய்கிறவர்கள் அல்ல.

புரொஜக்டர் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியவில்லை. இருட்டு அறையில், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே, "கிளக்" என்று ஒவ்வொரு படமாக விழும். விளக்குச் சூட்டில் அட்டைக்குள் ஃபிலிம் லேசாக வளைந்து, கூர்மையாக இருந்த படம் கண்ணெதிரே மங்கும், யாராவது எழுந்துபோய்த் திருகிச் சரிசெய்வார்கள். ஒரு படமாவது தலைகீழாக வரும். அந்த அனுபவத்துக்கு ஈடில்லை என்று எழுதுகிறவர்கள், எண்பது படங்களையும் விளக்கத்தோடு பார்க்க வைக்கப்பட்ட விருந்தாளிகளின் முகத்தை மறந்துவிடுகிறார்கள். ஆனாலும் சுவர் அகலத்துக்கு விரியும் ஒரு நல்ல வெல்வியாவைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தண்டனை பெரிதல்ல.

ஸ்லைடு அழியாது, ஹார்ட் டிஸ்க்தான் அழியும் என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். 1939 முதல் 1944 வரை அமெரிக்க அரசுக்காக எடுத்த சுமார் 1,600 கலர் படங்கள், பெரும்பாலும் கோடாக்ரோம், லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. நேற்று எடுத்ததுபோல் நிறம். இருட்டில் வைத்தால் கோடாக்ரோமை அசைக்க முடியாது. அதையே அடிக்கடி புரொஜக்டரில் போட்டால் மற்ற ஸ்லைடுகளைவிடச் சீக்கிரம் வெளுக்கும். ஆரம்பகால எக்டாக்ரோம்களோ இருட்டில் வைத்திருந்தும் ஒரே சிவப்பாக மாறிப்போயின. ஆகவே பழைய பெட்டியைத் திறப்பவர்கள் முதலில் சட்டத்தில் என்ன பெயர் அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து, எக்டாக்ரோமை முதலில் ஸ்கேன் செய்வது நல்லது. கோடாக்ரோமை ஸ்கேன் செய்யும்போது தூசியைத் தானாக அழிக்கும் அகச்சிவப்பு வசதியை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான ஸ்கேனர்களில் அது படத்தையே தூசி என்று நினைத்துக் கடித்துவிடும். ஊதி, தூரிகையால் தட்டிவிட்டுக் கையாலேயே சுத்தம் செய்வதுதான் வழி.

இப்போது ஸ்லைடு போட ஆசைப்படுகிறவர்கள் எந்த ஃபிலிம் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். புதிதாகக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அதிலும் ஃபூஜி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, கிடைப்பதை வாங்குங்கள். அதற்கு முன் லேபுக்கு ஒரு போன் போடுங்கள். ஈ-6 அவர்களே ஓட்டுகிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா? வாரத்தில் எந்த நாள் ஓட்டுகிறார்கள்? சோதனைத் துண்டைக் கடைசியாக எப்போது ஓட்டினார்கள்? இந்த மூன்றாவது கேள்விக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்கிற லேப் கிடைத்தால் விடாதீர்கள். வியாழக்கிழமை ஓட்டுகிறார்கள் என்றால் ரோல் புதன்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.